அட்மினே அத்துமீறினால்?

வாசகர் கேள்வி – பதில்

ஆளுக்கொரு கேரக்டராக நடித்து ஆடும் ரோல்பிளே சர்வர்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரு பக்கம் ஆட்டத்தைக் கெடுக்கவென்றே வரும் கிரீஃபர்கள், இன்னொரு பக்கம் சர்வரைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டாமை செய்யும் ஹோஸ்ட்கள். இருவருக்கும் பிடிக்காதது ஒன்றுதான்: நடந்தது நடந்தபடி பதிவாகியிருப்பது. பதில்களில் பாதி அதைச் சுற்றியே இருக்கும்.

கேள்வி: ஜிடிஏ 5-ஐத் தனிச் சர்வர்களில் ஆட வைக்கும் ஃபைவ்எம்மில் ஒரு சர்வரில் ஆடுகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் மேல் ஒருவன் தினமும் காரை ஏற்றுகிறான், காரணமே இல்லாமல் சுடுகிறான். பலமுறை புகார் கொடுத்துவிட்டேன். “ப்ரூஃப் இருக்கா?” என்று கேட்டு டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். என்னதான் செய்வது?

பதில்: சுடப்பட்ட பிறகு ரெக்கார்டிங்கை ஆரம்பித்துப் பயனில்லை. கடைசி சில நிமிடங்களை எப்போதும் பிடித்து வைத்திருக்கும் வசதி வேண்டும். திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் ஸ்டூடியோ மென்பொருளில் அதன் பெயர் ரீப்ளே பஃபர். செட்டிங்ஸில் அவுட்புட் பகுதிக்குப் போய் அதை டிக் செய்யுங்கள். நேரம் 20 விநாடி என்று இருக்கும், 120 ஆக்குங்கள். ஹாட்கீஸ் பகுதியில் ‘சேவ் ரீப்ளே’வுக்கு ஆட்டத்தில் பயன்படுத்தாத ஒரு விசையைக் கொடுங்கள். ஒவ்வொரு முறை ஆடத் தொடங்கும்போதும் ‘ஸ்டார்ட் ரீப்ளே பஃபர்’ பட்டனை அழுத்த வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். விண்டோஸின் கேம் பாரிலும் பின்னணிப் பதிவை இயக்கி வைத்தால் விண்டோஸ், ஆல்ட், ஜி விசைகளைச் சேர்த்து அழுத்திக் கடைசி 30 விநாடிகளைச் சேமிக்கலாம். ஆனால் இந்த மாதிரிப் புகாருக்கு 30 விநாடி பெரும்பாலும் போதாது.

காரணம் இதுதான். காரணமற்ற கொலையை ஆர்டிஎம் என்றும், வண்டியை ஆயுதமாக்குவதை விடிஎம் என்றும் சொல்கிறார்கள். இரண்டிலும் அட்மின் தேடுவது, சுடுவதற்கு முன் இருவருக்கும் நடுவே ஏதாவது கதை ஓடியதா என்பதைத்தான். துப்பாக்கி வெடிக்கும் நொடி மட்டும் உள்ள கிளிப்பைப் பார்த்தால் முறையான கொள்ளைக் காட்சியும் ஆர்டிஎம்மும் ஒரே மாதிரித்தான் தெரியும். முந்தைய ஒன்றரை நிமிடம் இருந்தால் வாதமே வராது.

புகாரில் வேண்டியது நான்கு: தேதியும் நேரமும் (எந்த நாட்டு நேரம் என்பதோடு), அவர் தலைக்கு மேல் தெரிந்த ஐடி எண், மீறப்பட்ட விதியின் எண், கிளிப். அந்த ஐடி, ஆள் வெளியேறி மறுபடி வந்தால் மாறிவிடும். அதனால் நேரம் இல்லாத ஐடி எதற்கும் உதவாது. நேரம் இருந்தால், ஃபைவ்எம் சர்வரை நிர்வகிக்கும் டிஎக்ஸ்அட்மின் கருவியின் லாகில் (பதிவேட்டில்) அட்மின் தேடிப் பிடித்துவிடலாம். “இவன் எப்பவும் இப்படித்தான்” என்று எழுதாதீர்கள். ஒரு சம்பவத்துக்கு ஒரு டிக்கெட். எச்சரிக்கைகள் ஆளின் பெயரில் சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் பேன் (சர்வருக்குள் வரத் தடை) வாங்கித் தருவது அந்தச் சேர்மானம்தான்.

திருப்பிச் சுடாதீர்கள், அப்போது உங்கள் மேலும் ஆர்டிஎம் புகார் வரும். கோபத்தில் சர்வரை விட்டு வெளியேறினால் காம்பாட் லாகிங், அதாவது மோதல் நடுவே தப்பி ஓடிய குற்றம். கேரக்டரை விட்டு வெளியே வந்து மைக்கில் கத்துவது கிரீஃபர் எதிர்பார்த்து வந்ததையே கையில் கொடுப்பதாகும். காட்சியை முடித்துவிட்டு அமைதியாகப் புகார் எழுதுங்கள்.

கேள்வி: என் கேரக்டர் ஒரு திருடன். அதை நன்றாகவே நடிக்கிறேன். ஆனால் என்னையே கிரீஃபர் என்று ரிப்போர்ட் செய்கிறார்கள். வில்லனாக ஆடுவது தப்பா?

பதில்: தப்பே இல்லை. வில்லன் இல்லாத சர்வரில் போலீஸுக்கும் வக்கீலுக்கும் வேலையே இருக்காது. ஆனால் எதிரில் இருப்பவருக்கு ஏதாவது செய்ய வாய்ப்பு இருந்ததா என்று உங்கள் காட்சிகளை நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு, கேரக்டர் செய்வதை எழுத்தில் சொல்லும் ‘மீ’ கட்டளையில் “அவருடைய கைகளைக் கட்டிப் பர்ஸை எடுத்துக்கொள்கிறார்” என்று எழுதினால் முடிவையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். இதைத்தான் பவர்கேமிங் என்கிறார்கள். “கைகளைப் பின்னால் இழுத்துக் கட்ட முயல்கிறார்” என்று எழுதிவிட்டு, “திமிற முடிகிறதா?” என்று, நிலைமையைச் சொல்லவும் கேட்கவும் உள்ள ‘டூ’ கட்டளையில் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். தோற்கப்போவது தெரிந்தாலும் அடுத்த வரியை எழுதும் உரிமை அவரிடம் இருந்தால் பெரும்பாலானோர் ரசித்தே தோற்பார்கள்.

ஒரே ஆளை அன்றைக்கே இரண்டாம் முறை கொள்ளையடிக்காதீர்கள். புதிதாகச் சேர்ந்தவரின் முதல் வண்டியைத் தொடாதீர்கள். முகமூடியில் ஒரு அடையாளம், தவறவிட்ட ஒரு பொருள் என்று போலீஸ் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு நூலை விட்டுச் செல்லுங்கள். எதிராளி இருக்கும் இடம் யாருடைய லைவ் ஸ்ட்ரீமிலாவது தெரிந்தால் அதை உங்கள் கேரக்டர் அறியாது. அதை வைத்துப் போய் நின்றால் மெட்டாகேமிங், அங்கே வரும் புகார் நியாயமானது.

கேள்வி: எங்கள் மைன்கிராஃப்ட் ரோல்பிளே சர்வரில் ஒரே இரவில் ஒரு கிராமத்தையே இடித்துப் பெட்டிகளைக் காலி செய்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்கு முந்தைய பேக்கப் இருக்கிறது. அதைப் போட்டுவிடலாமா?

பதில்: போடாதீர்கள். ஒரு கிராமத்துக்காக மற்ற எல்லோருடைய ஒரு வார உழைப்பும் போய்விடும். கிரீஃபர் செய்ததைவிடப் பெரிய சேதம் அது.

யார் எதை உடைத்தார், எடுத்தார் என்று பதிந்து வைக்கும் கோர்புரொடெக்ட் பிளகின் (சர்வரில் சேர்க்கும் துணை மென்பொருள்) முன்பே போட்டிருந்தால் வேலை சுலபம். முதலில் சந்தேகப்படும் ஆளை வெளியே எடுங்கள். அவர் உள்ளே இருக்கும்போது சரிசெய்தால் மறுபடி இடிப்பார். உலகக் கோப்புறையை ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு ‘கோ இன்ஸ்பெக்ட்’ கட்டளையைப் போட்டுவிட்டு, பிளாக் இருந்த இடத்தையும் பெட்டியையும் தட்டிப் பாருங்கள். யார் உடைத்தார், யார் எதை எடுத்தார், எவ்வளவு நேரத்துக்கு முன் என்று வரிசையாக வரும். பெயர் உறுதியான பின், அவர் செய்ததைப் பழையபடி ஆக்கும் ‘கோ ரோல்பேக்’. அதில் ஆளின் பெயர், நேர அளவு, சுற்றளவு (எத்தனை பிளாக் தூரம் வரை என்பது) மூன்றையும் கொடுக்க வேண்டும். பெயரை விட்டுவிட்டால் அந்தச் சுற்றளவில் அந்த நேரத்தில் யார் என்ன கட்டியிருந்தாலும் சேர்ந்து அழியும். சுற்றளவை விட்டுவிட்டால், கான்ஃபிக்கை மாற்றாதவரை, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 10 பிளாக்குக்குள்தான் வேலை செய்யும். “ரோல்பேக் பாதிதான் ஆனது” என்ற குழப்பம் பெரும்பாலும் இதனால்தான். கட்டளையின் கடைசியில் ஹேஷ் குறியோடு ‘ப்ரிவியூ’ சேர்த்தால் உண்மையாக மாற்றாமல் காட்டும். தவறிப்போனால் ‘கோ அன்டூ’.

பெட்டியில் பொருள் திரும்பி வந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்ததென்று விடாதீர்கள். திருடியவரின் பையிலும் எண்டர் செஸ்ட் என்ற அவருடைய தனிப் பெட்டியிலும் அதே பொருள் அப்படியே இருக்கக்கூடும். அதைப் பார்த்து எடுக்காவிட்டால் எல்லாம் இரட்டிப்பாகி, சர்வரின் பொருளாதாரம் ஆட்டம் காணும்.

பிளகின் இல்லையென்றால் பழைய பேக்கப்பைத் தனிச் சர்வராகத் திறந்து, உலகத்தைத் திருத்தும் வேர்ல்ட்எடிட் கருவியில் கிராமத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ஸ்கீமாட்டிக்காக (நகல் கோப்பாக) சேமித்து, நடப்பு உலகில் அதே இடத்தில் ஒட்டுங்கள். உலகம் துண்டு துண்டாகச் சேமிக்கப்படும் ரீஜன் கோப்பையே மாற்றும் வழியும் உண்டு: ஒரு கோப்பில் 512-க்கு 512 பிளாக் பரப்பு இருக்கும், சர்வரை நிறுத்திவிட்டு அந்த ஒன்றை மட்டும் பழையதால் மாற்றலாம். 1.17 பதிப்பிலிருந்து ஆர்மர் ஸ்டாண்ட், ஐட்டம் ஃப்ரேம் போன்றவை ‘என்டிட்டீஸ்’ என்ற தனிக் கோப்புறைக்குப் போய்விட்டன. அதில் உள்ள அதே எண்ணுடைய கோப்பையும் சேர்த்து மாற்றாவிட்டால் சுவர்கள் வரும், சுவரில் மாட்டியவை வராது.

இனிமேலுக்கு: கோர்புரொடெக்டை இன்றே போடுங்கள், போடுவதற்கு முன் நடந்ததை அதனால் சொல்ல முடியாது. கிராமங்களுக்கு வேர்ல்ட்கார்ட் என்ற பாதுகாப்புப் பிளகினில் எல்லை போட்டு டிஎன்டி, தீ பரவல் இரண்டையும் தடுங்கள். சர்வர் பிராப்பர்ட்டீஸ் என்ற அமைப்புக் கோப்பில் உள்ள ஸ்பான் புரொடெக்ஷனை நம்பி இருக்காதீர்கள், அது தொடக்கப் புள்ளியைச் சுற்றிய சிறு பரப்பை மட்டும் காக்கும். அதே கோப்பில் ஆன்லைன் மோட் ‘ஃபால்ஸ்’ என்று (கணக்கு உண்மையா என்று சரிபார்க்காதபடி) இருக்கிறதா பாருங்கள். வேறு ஏற்பாடு எதுவும் இல்லாமல் அப்படி இருந்தால், உங்கள் அட்மினின் பெயரைப் போட்டுக்கொண்டு யார் வேண்டுமானாலும் அட்மினாக உள்ளே வரலாம். எந்தப் பிளகினும் அதற்குப் பிறகு காப்பாற்றாது.

கேள்வி: பேன் செய்தால் வேறு கணக்கில் வந்துவிடுகிறான். ஐபி பேன் போடலாமா?

பதில்: கடைசி ஆயுதமாக, சில நாட்களுக்கு மட்டும். பல வீட்டு இணைப்புகளில் ஐபி அடிக்கடி மாறும். மொபைல் இணைப்பில் ஒரே ஐபியைப் பலர் பகிர்வார்கள். நீங்கள் தடுப்பது சம்பந்தமே இல்லாத ஒருவரை என்று ஆகலாம். ஃபைவ்எம்மில் டிஎக்ஸ்அட்மின் வழியாக பேன் செய்தால் விளையாட்டின் லைசென்ஸ், டிஸ்கார்ட் அரட்டைச் செயலிக் கணக்கு போன்ற பல அடையாளங்களோடு கணினியின் அடையாளமும் சேர்ந்து பதிவாகும், கன்சோலில் தனித்தனியாகத் தடுப்பதைவிட அது வலுவானது. அனுமதித்தவர்களை மட்டும் உள்ளே விடும் வைட்லிஸ்ட்டும், புதியவருக்கு முதல் சில மணி நேரம் வெடிபொருளும் எரிமலைக்குழம்பும் கனரக வண்டியும் கிடையாது என்ற விதியும் இதைவிட நன்றாக வேலை செய்யும். பேன் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அவரைப் பற்றிப் பொதுச் சேனலில் ஒரு வார்த்தையும் வேண்டாம். தன் பெயர் அங்கே பேசப்படுகிறது என்று தெரிந்தால் அவர் திரும்பி வர அதுவே போதும்.

கேள்வி: எங்கள் ஹோஸ்டுக்கு ஒரு கேங் இருக்கிறது. அதை யார் தோற்கடித்தாலும் அடுத்த நாள் ஏதோ ஒரு காரணம் சொல்லி பேன். சண்டை நடுவில் அட்மின் கட்டளையால் ஆயுதம் ஸ்பான் செய்கிறார் (வரவழைக்கிறார்). ஸ்பெக்டேட்டில் (மற்றவர் ஆட்டத்தை மறைந்து பார்க்கும் வசதியில்) பார்த்து எங்கள் ஒளிவிடத்துக்கு வந்து நிற்கிறார். கேட்டால் “என் சர்வர், என் இஷ்டம்”. எட்டு மாதமாகக் கட்டிய கேரக்டரை விட்டுப் போக மனசில்லை.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்: சர்வர் அவருடையது, அவர் தலைக்கு மேல் மேல்முறையீடு கிடையாது. அவர் யாரை விலக்கினார், யாருக்குத் துப்பாக்கி கொடுத்தார் என்ற வழக்கை விளையாட்டு நிறுவனம் விசாரிக்காது.

ஆனாலும் ஒருமுறை முறையாகக் கேட்டுப் பார்ப்பது வீண் போகாது. பொதுச் சேனலில் கேட்டால், எல்லோர் முன்னிலும் பின்வாங்க முடியாமல் இன்னும் முறுக்கிக்கொள்வார். தனிச் செய்தியில், ஒரே ஒரு சம்பவத்தை மட்டும், குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்வியாக எழுதுங்கள். இப்படி: “நேற்று இரவு 9.40 மணி துறைமுகக் காட்சியில் எங்கள் ஒளிவிடத்துக்கு உங்கள் கேங் நேராக வந்தது. கதைக்குள் அந்த இடம் எப்படித் தெரிந்தது என்று சொல்ல முடியுமா? மெட்டாகேமிங் பற்றிய 7-ஆம் விதி ஸ்டாஃபுக்கும் பொருந்துமா?” இதற்கு நேர்மையான ஹோஸ்ட் பதில் சொல்வார். கண்டிப்பானவர்கூடச் சுருக்கமாகவாவது சொல்வார். பதிலாக உங்களுக்கு ம்யூட் விழுந்தால் நிலவரம் தெளிவாகிவிட்டது. இரண்டாம் முறை கெஞ்ச வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்களையும் கிளிப்களையும் உங்கள் கணினியில் சேமியுங்கள். டிஸ்கார்டிலிருந்து நீக்கப்பட்ட மறுகணம் அங்கிருந்தது எதையும் பார்க்க முடியாது. மற்ற ஸ்டாஃபில் நிதானமானவர் யாராவது இருந்தால் அவரிடம் தனியாகப் பேசுங்கள். டிஎக்ஸ்அட்மினில் யார் என்ன செய்தார் என்ற பதிவு இருக்கும், டிஸ்கார்டின் ஆடிட் லாகில் 45 நாள் வரை இருக்கும். ஹோஸ்ட் கேட்டுக்கொள்ளக்கூடிய ஒரே குரல் அவருடைய ஸ்டாஃபாக இருப்பது உண்டு.

செய்யக் கூடாதவை: பழிக்குப் பழியாகச் சர்வரை நாசமாக்குவது, அவருடைய சொந்த விவரங்களை வெளியிடுவது, சர்வரை முடக்குவேன் என்று மிரட்டுவது. பல நாடுகளில் இவற்றில் சில குற்றம். அதோடு, அடுத்த சர்வரின் அட்மின் விசாரிக்கும்போது கேட்கப்போவது உங்கள் பக்கக் கதையாக இருக்காது.

நிறுவனங்கள் தலையிடும் விஷயங்கள் வேறு. நிஜப் பணத்துக்கு ஆட்டத்துக்குள் பணம் விற்பது, லூட் பாக்ஸ் (உள்ளே என்னவென்று தெரியாத பரிசுப் பெட்டி), கிரிப்டோ, என்எஃப்டி இவற்றை ரோல்பிளே சர்வர்களில் ஏற்க முடியாது என்று ஜிடிஏவைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் 2022 நவம்பரிலேயே அறிவித்தது. மைன்கிராஃப்டில் காசு கொடுத்தவருக்கு ஆட்டத்தில் மேல்கை தருவதை அதன் நிறுவனமான மொஜாங் 2014-இல் இருந்தே கட்டுப்படுத்தி வருகிறது. அப்படி எதுவும் நடந்தால் ஆதாரத்தோடு புகார் கொடுக்கலாம். மிரட்டல், பாலியல் தொந்தரவு, சிறுவர்களைக் குறிவைப்பது இருந்தால் ஹோஸ்டிடம் பேசவே வேண்டாம். டிஸ்கார்டுக்கும் அந்த விளையாட்டுத் தளத்துக்கும் நேராகப் புகார் செய்யுங்கள்.

எட்டு மாதத்தைப் பற்றி: சர்வரில் இருப்பது கேரக்டரின் பணமும் காரும்தான். அவருடைய பேச்சு, பகை, நண்பர்கள், கடந்தகாலம் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. பின்னணிக் கதையை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள், உடன் ஆடுபவர்களின் தொடர்பைச் சர்வருக்கு வெளியே வாங்கி வையுங்கள். நான்கைந்து பேராகச் சேர்ந்து புதிய சர்வருக்குப் போனால் கதை முதல் நாளே தொடரும்.

கேள்வி: ஸ்டாஃப் ஆக்குவதாகச் சொல்லி, “வெரிஃபிகேஷன்” என்று ஒரு கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்கிறார் ஹோஸ்ட். செய்யலாமா?

பதில்: கூடாது. டிஸ்கார்டில் கியூஆர் கோடை மொபைலில் ஸ்கேன் செய்து ஒப்புக்கொண்டால், அந்தக் கோடைக் காட்டியவரின் கணினியில் உங்கள் கணக்கு திறந்துவிடும். எந்தச் சர்வருக்கும் உங்கள் பாஸ்வேர்டோ, கியூஆர் ஸ்கேனோ, அடையாள அட்டைப் படமோ தேவையில்லை. ஏற்கெனவே செய்திருந்தால் இப்போதே பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்ற இடங்களில் திறந்திருக்கும் கணக்குகள் வெளியேறிவிடும். பிறகு இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

கேள்வி: நான் ஒரு ஹோஸ்ட். நியாயமாகத்தான் நடத்துகிறேன் என்று நினைக்கிறேன், ஆனால் “அட்மின் அராஜகம்” என்ற பேச்சு வருகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: கேட்கும் மனசு இருப்பதே நல்லது. நியாயமாக இருப்பதோடு, நியாயம் வெளியே தெரியும்படியும் ஏற்பாடு வேண்டும். முதலில் ஒரே ஒரு விதியைக் கொண்டுவாருங்கள்: தன் கேரக்டரோ தன் கேங்கோ சம்பந்தப்பட்ட புகாரில் எந்த அட்மினும் முடிவு சொல்லக் கூடாது, நீங்கள் உட்பட. புலம்பல்களில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும்.

அடுத்தது அதிகாரப் படிகள். உதவியாளருக்கு எச்சரிக்கை, ம்யூட், கிக். மாடரேட்டருக்கு மூன்று நாள் வரை பேன். நிரந்தர பேனுக்கு இரண்டு பேர் ஒப்புதல். மைன்கிராஃப்டில் எல்லோருக்கும் ‘ஆப்’ (ஆபரேட்டர் அதிகாரம்) கொடுத்துவிடாதீர்கள். ஆப்பில் நான்கு நிலைகள் உண்டு, சும்மா கொடுத்தால் போவது நான்காம் நிலை. அவரால் சர்வரையே நிறுத்த முடியும். லக்பெர்ம்ஸ் என்ற உரிமைப் பிளகினில் தேவையான உரிமையை மட்டும் கொடுங்கள். டிஸ்கார்டில் மாடரேட்டர் ரோலுக்கு ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ உரிமை வேண்டாம், அது சேனல்களில் போட்ட எல்லாக் கட்டுப்பாடுகளையும் தாண்டிவிடும். 28 நாள் வரை டைம்அவுட் கொடுக்கும் உரிமையும், செய்திகளை நீக்கும் உரிமையும் அவர்களுக்குப் போதும். டிஎக்ஸ்அட்மினில் ஆளுக்கொரு கணக்கு. மாஸ்டர் கணக்கை மூன்று பேர் பகிர்ந்தால் லாகில் எல்லாமே உங்கள் பெயரில் விழும், பழியும் உங்கள் மேல்தான்.

பொருள் ஸ்பான், டெலிபோர்ட், ஸ்பெக்டேட் மூன்றும் தானாகவே ஒரு டிஸ்கார்ட் சேனலில் பதிவாகும்படி வெப்ஹூக் (தானியங்கிச் செய்தி இணைப்பு) போடுங்கள். அந்தச் சேனலை எல்லா ஸ்டாஃபும் படிக்கலாம், யாரும் அழிக்க முடியாது என்று வையுங்கள். அட்மின் வேலையில் இருக்கும்போது கேரக்டர் இல்லை, கேரக்டரில் இருக்கும்போது அட்மின் கட்டளை இல்லை. தன் காரை ஆற்றிலிருந்து எடுக்கக்கூட இல்லை. இந்தச் சின்ன விஷயத்தில்தான் ஆட்டக்காரர்களின் கண் இருக்கும்.

விதிகள் பதினைந்துக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு உதாரணமும் தண்டனை அளவும் இருக்கட்டும். “அட்மின் விருப்பப்படி” என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

இது புதிய பிரச்சினை இல்லை. எழுத்து வடிவிலேயே இயங்கிய லாம்டாமூ என்ற உலகில், ஆட்டக்காரர்களின் சச்சரவுகளில் இனி தலையிடமாட்டோம் என்று 1992-இல் அதன் நிர்வாகிகள் விலகினார்கள். அடுத்த ஆண்டு ஒருவன் மற்றவர்களின் கேரக்டர்களை வக்கிரமாக ஆட்டிவைத்தபோது என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு நிர்வாகி தன்னிச்சையாக அவன் கணக்கை நீக்கினார். மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட முறை அதற்குப் பிறகே வந்தது. பிரச்சினை வருவதற்கு முன்பே நடைமுறையை எழுதி வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி: கேரிஸ் மாட் விளையாட்டில் டார்க்ஆர்பி என்ற ரோல்பிளே சர்வர் நடத்துகிறோம். ப்ராப்பை (ஆட்டத்தில் வரவழைக்கும் பொருளை) எறிந்து கொல்வதும் கதவை அடைப்பதும் ஓயவில்லை.

பதில்: டார்க்ஆர்பியோடு எஃப்பிபி என்ற ப்ராப் பாதுகாப்பு சேர்ந்தே வருகிறது, பலர் அதன் அமைப்புகளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆன்டி ஸ்பாமை இயக்குங்கள், பெரிய கன்டெய்னர் வகை மாடல்களைத் தடைப் பட்டியலில் சேருங்கள். ஒருவருக்கான ப்ராப் எண்ணிக்கையைக் குறையுங்கள். விசாரிக்கும்வரை பேன் வேண்டாம், யுஎல்எக்ஸ் என்ற அட்மின் கருவியின் ‘ஜெயில்’ போதும்.

கேள்வி: தவறாக பேன் ஆகிவிட்டேன். மேல்முறையீடு எப்படி எழுதுவது?

பதில்: ஒரு நாள் கழித்து எழுதுங்கள். பேன் எண், தேதி, உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம், நடந்தது ஐந்தாறு வரியில், வெட்டாத கிளிப். நீங்கள் செய்ததில் விதிக்குப் புறம்பானது ஏதாவது இருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். அட்மின் கையில் லாக் இருக்கிறது, அவர் கண்டுபிடித்தால் மீதி எதையும் நம்பமாட்டார். மற்றவர் செய்த தவறுகளின் பட்டியல் வேண்டாம். வேறு கணக்கில் நுழைந்து “அப்பீல் பார்த்தீங்களா?” என்று கேட்டுவிடாதீர்கள். பேன் தவறாகவே இருந்தாலும், பேனைத் தாண்டி வந்தது என்ற இரண்டாவது குற்றம் உறுதியாகிவிடும். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் வராவிட்டால் வேறு சர்வர் பாருங்கள். சேருமுன் அங்கே மேல்முறையீட்டுப் பகுதி இருக்கிறதா, அதில் யாருக்காவது பேன் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.